உப்பும் நன்னீரும் மோதும் இடத்தில்

கொச்சிக் காயலில் மாதக்கணக்கில் விட்டுச் செல்லப்படும் பழைய பாய்மரப் படகுகளுக்குப் புயலைவிடப் பெரிய ஆபத்து, அசையாமல் நிற்பது.

எர்ணாகுளம் உயர் நீதிமன்றப் படகுத் துறையிலிருந்து வைப்பினுக்குப் போகும் வாட்டர் மெட்ரோவில் ஏறினால், சில நிமிடங்களிலேயே வலது பக்கம் போல்காட்டித் தீவு வந்துவிடும். 1744ல் டச்சுக்காரர்கள் அங்கே கட்டிய மாளிகை, பின்னாளில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் வீடாகி, இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலாக இருக்கிறது. பயணிகளின் கேமராக்கள் மாளிகையைத் தேடும்; பிறகு எதிரே ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளைத் தேடும். தீவின் ஓரமாக, பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஆளில்லாமல் நிற்கும் வெள்ளைப் படகுகளை யாரும் படம் எடுப்பதில்லை. 2010ல் இங்கே சர்வதேச மரீனா திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுகள் இந்தத் தீவை ஒட்டித்தான் நங்கூரம் போட்டன. வந்த படகுகளில் சில உடனே போய்விடும். சில காத்திருக்கும்.

காத்திருப்பதற்குக் காரணம் காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று சாந்தமாக வீசும். மாலத்தீவுக்கோ, லட்சத்தீவுக்கோ, ஓமனுக்கோ போக அதுதான் பருவம். ஜூன் பிறந்துவிட்டால் மேற்குக் கரைக் கடலில் சிறிய பாய்மரப் படகுக்கு வேலையில்லை. அந்த மாதங்களில் ஒதுங்கி நிற்க இந்தக் கரையில் இருக்கும் நல்ல இடங்களில் ஒன்று கொச்சி. 1920ல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த திட்டைத் தோண்டி வழி திறந்தார். வாரிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை எழுப்பினார். பருவமழையிலும் கப்பல் நுழையும் துறைமுகம் அப்படித்தான் கிடைத்தது.

காற்று மட்டுமே காரணமாக இருந்தால் ஒரு பருவத்தோடு காத்திருப்பு முடிந்துவிடும். உலக நடப்பு அப்படி விடுவதில்லை. 2011 பிப்ரவரியில், மும்பையிலிருந்து ஓமனுக்குப் புறப்பட்ட ‘குவெஸ்ட்’ என்ற பாய்மரப் படகைச் சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்தார்கள். அதிலிருந்த நான்கு அமெரிக்கர்களும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு செங்கடல் வழியாக ஐரோப்பா திரும்ப நினைத்த பலர் யோசித்து நின்றுவிட்டார்கள். 2020ல் கோவிட் வந்து துறைமுகங்களைப் பூட்டியது. 2023 நவம்பரில் ஹவுதிகளின் தாக்குதல் தொடங்க, அதே செங்கடல் மறுபடியும் கேள்விக்குறியானது. நான்கு மாதம் என்று நினைத்து விட்டுப்போகும் படகு இரண்டு ஆண்டு நிற்க நேரலாம். பூட்டிய வீட்டில் தூசிதான் படியும். பூட்டிய படகில் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தண்ணீருக்குக் கீழே நடக்கும்.

அங்கே முதலில் வருவது வழவழப்பு. எவ்வளவு சுத்தமான பரப்பானாலும் கடலில் இறக்கிய சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் படியத் தொடங்கும். பின்னாலேயே நுண்பாசிகள். இந்த மெத்தை விரித்த பிறகு வருபவர்தான் வில்லன். ஆங்கிலத்தில் பார்னக்கிள், நம் கடற்கரையில் கொட்டலசு. கடலோரப் பாறைகளிலும் பாலத்தூண்களிலும் சின்ன எரிமலை வடிவத்தில், கையைக் கிழிக்கும் வெள்ளை ஓடாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் உறவுமுறையில் இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. அதன் இளம்பருவத்தில் தண்ணீரில் மிதந்துவரும். உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து பார்க்கும். இடம் பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்து ஒரு பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாழ்நாள் முழுக்கத் தலைகீழ் வாழ்க்கை, காலால்தான் சாப்பாடு. அது இடம் தேர்ந்தெடுக்கும் விதம்தான் படகுக்காரர்களுக்குத் தலைவலி: தன் இனத்தார் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் இடமே அதற்கு உகந்த இடம். சுரண்டும்போது ஓட்டின் அடிவட்டத்தை விட்டுவைத்தால், அடுத்த தலைமுறைக்கு அழைப்பிதழ் அச்சடித்த மாதிரி.

ஓடும் படகையே இது விடுவதில்லை. 2022 செப்டம்பரில் பிரான்சிலிருந்து கிளம்பிய கோல்டன் குளோப் போட்டி, தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டி. 1988க்கு முந்தைய வடிவப் படகுகளுக்கு மட்டுமே அனுமதி. கேரளத்துக்காரரான முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் இரண்டாவது இடம் பிடித்தது அதில்தான். அதே போட்டியில் இன்னொருவர், அடியில் மண்டிய கொட்டலசுகளை நீக்குவதற்காகவே கேப்டவுனில் படகைக் கரையேற்ற வேண்டியதாயிற்று. ஒருமுறை நின்றதால் அவர் முதன்மைப் பிரிவிலிருந்து இறங்கினார். மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த படகுக்கே இந்த நிலை என்றால், வெதுவெதுப்பான காயலில் கட்டிப்போட்ட படகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கொச்சிக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. ஏப்ரல் மாதத்தில் முகத்துவாரத்தை ஒட்டிய தண்ணீர் ஏறக்குறைய கடல்நீர்தான். ஜூனில் மழை இறங்கியதும் பெரியாறும் மூவாற்றுப்புழையும் வேம்பநாட்டுக் காயல் வழியாக வரும் மற்ற ஆறுகளும் சேர்ந்து துறைமுகத்தையே ஆறாக மாற்றிவிடுகின்றன. 1895ல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையில் ஒரு பங்கு தண்ணீர் மலையைக் குடைந்து தேனிக்கும் மதுரைக்கும் திரும்பிவிடுகிறது அல்லவா, அந்தப் பெரியாற்றின் மிச்சம்தான் இங்கே வந்து சேர்கிறது. மழை உச்சத்தில் காயலின் மேல்மட்டத் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். கொட்டலசு ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். வாரக்கணக்கில் நன்னீர் என்றால் செத்துவிடும். வேறு துறைமுகங்களில் பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இங்கே ஆறு இலவசமாகச் செய்துகொடுக்கிறது. பழைய மாலுமிகள் கப்பலை ஆற்றுமுகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கேட்டதும் மழைக்காலத்தில் கவலையில்லை என்று தோன்றும். அப்படி நினைத்துப் பெயின்ட் அடிக்காமல் விட்டுப்போவது தவறு. காரணம் இரண்டு. செத்த கொட்டலசின் உடல் போகுமே தவிர ஓடு போகாது. அக்டோபர், நவம்பரில் உப்பு திரும்பும்போது புதுக் குடித்தனத்துக்கு வீடு தயாராக இருக்கும். இரண்டாவது காரணம் இன்னும் மோசமானது. நன்னீர் கொட்டலசைக் கொல்லும்; அதே நன்னீர் பழைய ஃபைபர்கிளாஸுக்குள் புகும்.

மரப்படகுக்குப் பெரும் எதிரியான கப்பல் புழுவிடமிருந்து தப்பிக்க வந்த வரம் ஃபைபர்கிளாஸ். கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக வார்த்து, வெளிப்பக்கம் ‘ஜெல்கோட்’ என்ற பளபளப்பான தோல் பூசுவார்கள். புழு தின்னாது, அழுகாது, துருப்பிடிக்காது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட படகுகள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டன. புதிய பொருளை நம்பாத அன்றைய கட்டுநர்கள் சுவரைத் தேவைக்கு மேல் தடிமனாகப் போட்டார்கள். அந்தப் படகுகள் இன்றும் உலகைச் சுற்றுகின்றன.

அந்தத் தோல் தண்ணீரை முழுவதும் தடுப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூலக்கூறு மூலக்கூறாகத் தண்ணீர் உள்ளே கசியும். ரெசினில் சரியாக இறுகாமல் மிச்சமிருக்கும் ரசாயனங்கள் அதில் கரையும். கரைசல் அடர்த்தியாக ஆக, வெளியிலிருந்து மேலும் தண்ணீரை இழுக்கும். பள்ளிக்கூடத்தில் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு உப்ப வைத்தார்களே, அதே சவ்வூடு பரவல். முடிவில் ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். அம்மை போட்ட முகம் மாதிரி படகின் அடிப்பாகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் புடைக்கும். ஒன்றைக் குத்தினால் புளிக்காடி வாடையுடன் பிசுபிசுப்பான திரவம் பீறிடும் (கண்ணாடி அணியாமல் குத்தக் கூடாது). வெளியே உள்ள தண்ணீரில் உப்பு குறையக் குறைய இந்த இழுப்பு அதிகம். வெப்பம் கூடினாலும் அதிகம். மழைக்காலக் கொச்சியில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும்.

ஆகவே இங்கே படகை விட்டுப்போகிறவர் இரண்டு தண்ணீருக்கும் தயார் செய்ய வேண்டும். ஒன்று வெளியில் வந்து ஒட்டுவதற்கு எதிராக. மற்றது உள்ளே போய்ப் புடைப்பதற்கு எதிராக. இதில் பணமும் நாளும் தின்பது இரண்டாவது.

எடுத்துக்காட்டாக, 1970களில் வார்த்த 34 அடிப் படகு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் அமிழும் ஆழம் சுமார் 1.6 மீட்டர். முதல் பிரச்சினை, அதை வெளியே எடுப்பது. மும்பையில் பெரிய ஓத நாட்களில் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அங்கே சுவரோரம் கட்டிவிட்டால் தண்ணீர் வடியும்போது அடிப்பாகம் தானே வெளியே வந்துவிடும். கொச்சியின் ஓதம் சுமார் ஒரு மீட்டர்தான். கீல் என்னும் அடிக்கட்டைகூட முழுசாகத் தெரியாது. எனவே வைப்பின் தீவின் வடமுனையில் உள்ள முனம்பம் போன்ற இடங்களில், மீன்பிடி விசைப்படகுகளை ஏற்றுகிற சாய்தளங்களைத்தான் கேட்டுப் போக வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் தொட்டிலும் அதை இழுக்கும் வின்ச்சும் இருக்கும்.

அங்கே இடம் கிடைப்பது காலண்டரைப் பொறுத்த விஷயம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அந்த நாட்களில்தான் விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்க ஒரே நேரத்தில் வந்து குவியும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் பலர் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குக் கொச்சியைத்தான் தளமாக வைத்திருக்கிறார்கள். எனவே இந்தக் கரைகளில் தமிழ் கேட்பதும் சகஜம். அந்தக் கூட்டத்தில் ‘சாயிப்பு’வின் உல்லாசப் படகுக்கு முன்வரிசை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அது அவர்களுடைய ஆண்டு வருமானம். ஜனவரியில் ஏற்றி, மே தொடங்குவதற்குள் இறக்கிவிடுவதே மரியாதை. வறண்ட மாதங்களும் அவைதான்.

விசைப்படகின் அடிப்பாகம் அகலம்; தொட்டிலில் எருமை மாதிரி உட்கார்ந்துவிடும். பாய்மரப் படகுக்கோ நடுவில் கத்திபோல ஒரு கீல். முழு எடையும் கீலின் மீதுதான் உட்கார வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. முட்டை இறுக்கி எடையைத் தாங்க வைத்தால் ஃபைபர்கிளாஸ் உள்ளே குழியும். இதைப் புரிந்துகொண்டு தொட்டிலுக்கு மேல் தனி இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து கொடுப்பவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மேலே வந்த அரை மணிக்குள் தேய்க்கத் தொடங்க வேண்டும். வழவழப்பும் பாசியும் ஈரத்தில் வழிந்து வரும், காய்ந்துவிட்டால் சிமென்ட்தான். அகலமான தட்டைச் சுரண்டியின் முனைகளை முதலில் அரத்தால் மழுக்கிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கொட்டலசோடு ஜெல்கோட்டும் வரும். பிறகு பழைய பெயின்ட். இதை உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்ப்பதுபோல முட்டாள்தனம் இல்லை. அந்தத் தூசி முழுக்கச் செம்பு நஞ்சு. தண்ணீர் ஊற்றி, ஈர உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். 35 டிகிரி வெயிலில் இவற்றை மாட்டிக்கொண்டு படகுக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர் தினக்கூலிக்காரர். உரிமையாளர் கேட்டு வாங்கிக் கொடுத்தால் மட்டுமே அவருக்கு முகமூடி கிடைக்கும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் காட்சி இந்தியாவின் எந்தப் படகுத் துறையிலும் அபூர்வமல்ல.

சுரண்டியது எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. வேம்பநாட்டுக் காயல் கறுப்புக் கக்கா அள்ளிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல். சாய்தளத்திலிருந்து வழியும் ஒவ்வொரு வாளி அழுக்கும் அந்த வயலில்தான் கலக்கும். கீழே தார்ப்பாய் விரித்து அள்ளிவிட ஆகும் கூடுதல் செலவு சொற்பம். இந்தப் பெயின்ட்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சரித்திர சாட்சி உண்டு. 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்கஷான் விரிகுடாவில் சிப்பிகள் ஓடு கோணலாகி, குஞ்சு பொரிக்காமல் போய், அந்தத் தொழிலே தள்ளாடியது. காரணம், அங்கே நின்ற படகுகளின் பெயின்ட்டில் இருந்த டிபிடி என்ற வெள்ளீயக் கூட்டுப்பொருள். பிரான்ஸ் 1982ல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலக அளவிலான தடை ஒப்பந்தம் 2001ல் எழுதப்பட்டு, 2008ல்தான் அமலுக்கு வந்தது. பழைய படகின் அடுக்கடுக்கான பெயின்ட்டுக்கு அடியில் அந்தக் காலத்து வெள்ளீயம் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கலாம். தேய்ப்பவருக்கு அது தெரியாது.

செம்பாவது புதிதா என்றால், இல்லை. பிரிட்டிஷ் கடற்படை 18ஆம் நூற்றாண்டிலேயே கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே, அரபிக்கடலின் மரக்கலங்களுக்குச் சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்துப் பூசினார்கள். கேரளத்து வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயும் மீனெண்ணெயும். ஒட்டுவதைத் தடுக்கும் கலை ஒட்டுகிற உயிரைப் போலவே பழசு.

பெயின்ட் போனதும் அடித்தோல் வெளிப்படும். இங்கேதான் உரிமையாளர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் அடி அடியாகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இடம் ‘டங்’ என்று பேசும், ஊறிய இடம் பொத்தென்று விழும். ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. பத்து இருபது கொப்புளம் என்றால் ஒவ்வொன்றையும் தோண்டி, கழுவி, காயவைத்து, எபாக்ஸி பட்டி வைத்து மூடினால் போதும். கைநிறைய எண்ண முடியாத அளவு என்றால் ஜெல்கோட்டையே உரித்தெடுத்து மொத்தப் படகையும் உலர்த்த வேண்டும். அந்தச் செலவு பழைய படகின் விலையையே தொட்டுவிடும். பல படகுகள் அனாதையாவது இந்தக் கணக்கில்தான். உரிமையாளர் ‘அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விமானம் ஏறுவார்; அடுத்த பருவம் வருவதில்லை.

இத்தனைக்கும் கொப்புளத்தால் மூழ்கிய படகு மிக அபூர்வம். அடிச்சுவர் தடிமனான பழைய படகு, கொப்புளத்தோடு இன்னும் பல ஆண்டு ஓடும். எனவே எல்லாக் கொப்புளத்தையும் கண்டு மிரண்டு, உரிக்கச் சொல்லும் ஆலோசனையை உடனே ஏற்பது புத்திசாலித்தனமல்ல. அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கிறதா என்பதே கேள்வி.

உலர்த்துவதில் அவசரம் உதவாது. படகைச் சும்மா வெயிலில் நிறுத்தினால் உலராது. உள்ளே கரைந்திருக்கும் ரசாயனம் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரால், முடிந்தால் சுடுநீரால், மறுபடி மறுபடி கழுவி அதை வெளியேற்ற வேண்டும். கழுவு, காயவை, மறுபடி கழுவு. ஆறு வாரம், எட்டு வாரம். ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட காற்று கொச்சிக்கு ஓரளவு கிடைப்பது இதற்காகவே என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு எபாக்ஸி, ஐந்தாறு கை. எபாக்ஸி ஈரக்காற்றில் இறுகும்போது மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் விடும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த கை அடித்தால், ஒரே வருடத்தில் தோல் தோலாக உரியும். காலையில் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, மாலைப் பனிக்கு வெகுநேரம் முன்பே நிறுத்த வேண்டும். ஒரு நாளில் நல்ல வேலை நேரம் ஐந்து மணிதான்.

அதற்கு மேல்தான் உயிர் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட். இந்த அளவுப் படகுக்கு நீருக்கடியில் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு. ஒரு கைக்கு மூன்று லிட்டர். இரண்டு கையும், நீர்மட்டக் கோடு, சுக்கான், கீலின் முன்விளிம்பு ஆகிய இடங்களில் மூன்றாவது கையும் சேர்த்தால் ஏழெட்டு லிட்டர். எந்தப் பெயின்ட் என்பதில்தான் நின்றிருக்கும் படகுக்கும் ஓடும் படகுக்கும் வித்தியாசம். சோப்பு கரைவதுபோல மெல்ல மெல்லத் தேய்ந்து புதுச் செம்பை வெளிக்காட்டும் வகை இப்போது பிரபலம். தேய்வதற்குத் தண்ணீர் ஓட வேண்டும். அசையாத படகில் அது சோம்பேறியாகிவிடும். மேலே வழவழப்பு மூடிக்கொண்டால் செம்பு வெளியே வராது. கொச்சியில் தினமும் ஏறி இறங்கும் ஓதத்தின் நீரோட்டம் ஓரளவு கைகொடுக்கும். இறுகிப்போகும் கெட்டி வகையில் செம்பு அதிகம், ஆனால் நின்ற இடத்திலேயே கசிந்து ஓராண்டில் தீர்ந்துபோய் வெறும் ஓடு மிஞ்சும். ஒன்றுக்கு மேற்பட்ட பருவம் நிற்கப் போகிறதென்றால் தேயும் வகையையே ஒரு கை கூடுதலாக அடிப்பது மேல். முதல் கை சிவப்பு, அடுத்தவை நீலம் என்று நிறம் மாற்றி அடிப்பது பழைய தந்திரம். நீலத்துக்கு நடுவே சிவப்பு எட்டிப் பார்த்தால் காலம் முடிந்தது என்று பொருள்.

நீர்மட்டக் கோட்டை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி அடிக்க வேண்டும். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. படகு எப்படியும் கொஞ்சம் தாழும். போதாததற்கு மழைவெள்ளத்தில் மேல்காயலிலிருந்து ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக மிதந்துவந்து சங்கிலியில் சிக்கி, அந்தக் கோட்டையே உரசிக்கொண்டு நிற்கும். முட்டு வைத்த இடங்களில் பெயின்ட் அடிக்க மறப்பது எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. கைவிட்ட அந்த ஆறு சதுரங்களில் கொட்டலசு ஆறு கொத்தாக வளர்ந்து நிற்கும்.

உண்மையில் படகை மூழ்கடிப்பது அடியில் இருக்கும் துளைகள். கழிவறைக்கு ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்க ஒன்று, தளத்தில் விழும் மழைநீர் வடிய இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. வெண்கலம் என்று சொல்லிப் பித்தளை பொருத்திய இடங்களில் துத்தநாகம் கரைந்து, உலோகம் இளஞ்சிவப்பாகிப் பிஸ்கோத்து மாதிரி ஆகியிருக்கும். கத்தி முனையால் கீறினால் தெரிந்துவிடும். அப்படிப்பட்டதைத் தண்ணீருக்குத் திருப்பி அனுப்புவது கொலைக்குச் சமம். தேவையில்லாத வால்வுகளை மூடிவிடலாம். மழைநீர் வடியும் வால்வை மூடக் கூடாது. அதில் ஒரு காய்ந்த இலையோ காக்கைக் கூட்டுக் குச்சியோ அடைத்துக்கொண்டால், ஒரு வாரப் பெருமழையில் தொட்டி நிரம்புவதுபோல நிரம்பிப் படகு இறங்கிவிடும். கீழே பெயின்ட் புத்தம் புதுசாகப் பளபளக்கும்! ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது ஐம்பது ரூபாய்க் காப்பீடு.

கொச்சியின் இரட்டைத் தண்ணீர் உலோகத்தையும் விடுவதில்லை. சுழலியையும் தண்டையும் காப்பாற்ற, தானே கரைந்து தியாகம் செய்யும் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்துவது வழக்கம். உப்புநீரில் அது சரி. நன்னீரில் அதன்மேல் வெள்ளைப் படலம் மூடிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்துவிடும். இங்கே அலுமினியக் கட்டிதான் இரண்டிலும் உழைக்கும். சுழலியைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டுபவர்கள் உண்டு. நல்ல யோசனை, ஆனால் எஞ்சின் சாவியில் ஒரு சீட்டு எழுதிக் கட்டித் தொங்கவிட வேண்டும். டிசம்பரில் திரும்பி வரும் உற்சாகத்தில் பையோடு எஞ்சினைக் கிளப்பியவர்கள் பல நாட்டுத் துறைமுகங்களிலும் இருக்கிறார்கள்.

மரீனாவில் கட்டாமல் வெளியே சங்கிலியில் நிறுத்தினால், கவனிக்க இன்னொன்று உண்டு. மழைக்காலத்தில் நன்னீர் மேலே ஓடும்போது, கனமான கடல்நீர் அடியில் ஆப்புப்போல உள்ளே நுழையும். படகின் வயிறு நன்னீரில் மிதக்க, அதன் சங்கிலியின் கீழ்ப்பாதி உப்பில் கிடக்கும். மேலே கொட்டலசு செத்துக்கொண்டிருக்கும் அதே மாதத்தில் கீழே சங்கிலிக் கண்ணிகளில் சிப்பிகள் மண்டும். பிடித்திருக்கும் சங்கிலி எவ்வளவு மெலிந்தது என்பது அந்தச் சிப்பிப் போர்வைக்குள் தெரியாது.

சிப்பி என்றதும் இன்னொரு விஷயம் ஞாபகத்துக்கு வரும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை மட்டி, கேரளக் காயல்களில் பரவியிருப்பதை ஆய்வாளர்கள் 2019ல் பதிவு செய்தார்கள். எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் அதையே ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றின் அடியில் கம்பளம் விரித்ததுபோலப் படர்ந்து, இறாலும் நண்டும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. கை வைத்து மண்ணைத் தடவி இறால் பிடிக்கும் மக்களுக்கு அங்கே இப்போது வேலை இல்லை. கப்பலின் வயிற்று நீரிலோ, அடியில் ஒட்டிக்கொண்டோ இப்படிப்பட்ட உயிர்கள் நாடு விட்டு நாடு போகின்றன. ஆளை இறக்கித் தண்ணீருக்குள்ளேயே அடிப்பாகத்தைச் சுரண்டிவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போகும் படகுக்காரர், விருந்தாளிகளை இங்கேயே இறக்கிவிட்டுப் போகிறார் என்று அர்த்தம். கரையேற்றிச் சுரண்டுவதன் கூடுதல் செலவை இந்தக் கணக்கிலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டி, ஓதம் உச்சத்தைத் தொடும் நேரத்தில் தொட்டில் மறுபடி தண்ணீருக்குள் இறங்கும். படகு மிதந்ததும் வின்ச்காரர் கத்துவார். ஆனால் உடனே விட்டுவிடக் கூடாது. ஒருவர் உள்ளே போய் டார்ச் அடித்து ஒவ்வொரு வால்வையும் விரலால் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்று சொன்ன பிறகுதான் கயிறு அவிழ வேண்டும். அடுத்து ஒரு நாள் துறையிலேயே கட்டி வைத்து மறுபடி பார்ப்பது உத்தமம்.

பிறகு போல்காட்டி. சங்கிலி, இரட்டைக் கயிறு, உராயும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு. தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு ஒரு சோலார் தகடு. வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்க, நம்பகமான ஓர் ஆள். எத்தனை லிட்டர் எபாக்ஸி அடித்தாலும் இந்த ஆளுக்கு ஈடில்லை. அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் அனுப்பும் உரிமையாளர்களின் படகுகளே பெரும்பாலும் மிதந்துகொண்டிருக்கின்றன.

மே மாதம் காயல் இன்னும் உப்பாக இருக்கும். மேகம் கட்டத் தொடங்கும். ஜூனில் ஒரு நாள் தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து செம்மண்ணுக்கு மாறும், பெரியாறு வந்துவிட்டது. அடுத்த பல வாரங்களுக்கு அடியில் என்ன நடக்கிறதென்று கலங்கலில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் தெளிந்து உப்பு ஏறும் டிசம்பரில் முக்குளிப்பவர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீலின் கீழே போய் வருவார். மேலே காத்திருப்பவருக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கும்: நீலம் தெரிகிறதா, சிவப்பு தெரிகிறதா?